நெட்டி முறித்தால் உடைவது எது?

கேள்வி இது: "விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பது எலும்பு உரசும் சத்தமா? அப்படி முறித்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? ஒருமுறை முறித்த விரல் உடனே மறுபடி சத்தம் போடாதது ஏன்? ராத்திரியில் குழாய் சொட்டுவது, பசித்தால் வயிறு உருளுவது, கதவு கிறீச்சிடுவது, இதெல்லாம் எப்படி உண்டாகிறது? கடைசியாக, ரெகார்டிங்கில் என் குரலைக் கேட்டால் எனக்கே பிடிக்கவில்லை. அது ஏன் வேறு யாரோ பேசுவது மாதிரி இருக்கிறது?"

ஒரே மூச்சில் இத்தனை கேட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, இவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஆசாமியின் வேலை: எங்கேயாவது மாட்டிக்கொண்ட காற்று. நாம் எலும்பையும் தண்ணீரையும் உள்ளங்கையையும் குற்றம் சொல்கிறோம். கிட்டப் போய்ப் பார்த்தால் அவற்றுக்கு நடுவே சிக்கிய காற்றோ வேறு வாயுவோதான் கத்திக்கொண்டிருக்கும். கதவு மட்டும் வேறு ரகம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நெட்டி. என் பாட்டி பேரப்பிள்ளைகளின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து மடக்குவார். படபடவென்று பத்து விரலும் பேசும். எத்தனை நெட்டி முறிகிறதோ அத்தனை திருஷ்டி என்று கணக்கு. அடுத்த பேரன் ஆசையாக முகத்தைக் கொண்டுவந்து நீட்டுவான். விரல்கள் மூச்சுவிடாது. "உனக்குத் திருஷ்டியே இல்லடா" என்று அவனை அனுப்பிவிடுவார். அவனுக்கு அதில் பெரிய மனக்குறை. பாவம், அவன் இருபது நிமிடம் கழித்து வந்திருக்க வேண்டும்.

விரல் எலும்புகள் சந்திக்கும் இடத்தை ஓர் உறை மூடியிருக்கிறது. உள்ளே முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பான திரவம் கொஞ்சம் இருக்கும். அதில் வாயு கரைந்திருக்கிறது, பெரும்பாலும் கரியமில வாயு. விரலை மடக்கியோ இழுத்தோ எலும்புகளைச் சட்டென்று விலக்கினால், உறைக்குள் இடம் அதிகமாகி அழுத்தம் விழுந்துவிடும். சோடா பாட்டிலின் மூடியைத் திறந்தவுடன் குமிழி கிளம்புகிறதே, அதுதான் அங்கேயும் நடக்கிறது. எலும்பு எலும்போடு உரசுவதே இல்லை. சொல்லப்போனால் அந்த நொடியில் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன.

சரி, குமிழி உண்டாகும்போது சத்தமா, உடையும்போது சத்தமா? இதற்கு எழுபது வருடம் வழக்கு நடந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? 1947இல் லண்டனில் இரண்டு ஆய்வாளர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உண்டாகும்போது என்றார்கள். 1971இல் லீட்ஸ் நகரத்து ஆய்வாளர்கள், இல்லை, உண்டான குமிழி நொறுங்கும்போது என்றார்கள். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒருவரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, விரலை மெதுவாக இழுத்துக்கொண்டே படம் பிடித்தார்கள். நெட்டி முறிந்த கணத்தில் மூட்டுக்குள் ஒரு குழி தோன்றியது. சத்தம் ஓய்ந்த பிறகும் அது அங்கேயே இருந்தது. அப்படியானால் முதலில் சொன்னவர்கள்தான் சரி என்று ஆயிற்று. 2018இல் சந்திரன் சுஜா, பரகாத் என்ற இருவர் கணக்குப் போட்டு, குமிழி முழுக்க நொறுங்க வேண்டியதில்லை, பாதி நொறுங்கினாலே இவ்வளவு சத்தம் வரும், மீதிக் குமிழி திரவத்திலேயே கிடக்கும் என்று காட்டினார்கள். எனக்கு இந்தக் கடைசிச் சமரசம்தான் பொருத்தமாகப் படுகிறது. சத்தத்துக்குப் பிறகும் குமிழி இருக்கிறது என்பதும் பொய்யாகவில்லை, அவ்வளவு பலமான சத்தத்துக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

மிச்சமிருக்கும் அந்த வாயு திரவத்தில் திரும்பக் கரைய ஏறக்குறைய இருபது நிமிடம் பிடிக்கும். அதுவரை அந்த விரல் பேசாது.

மூட்டு தேயுமா என்பதற்கு ஒரு கலிபோர்னியா டாக்டரின் பிடிவாதம்தான் பதில். டொனால்ட் அங்கர் என்று பெயர். சின்ன வயதில் அம்மாவும் பெரியவர்களும் "நெட்டி முறிக்காதே, வாதம் வரும்" என்று மிரட்டியிருக்கிறார்கள். அவர் இடது கை விரல்களை மட்டும் தினம் இரண்டு தடவையாவது முறித்தார்; வலது கையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா விட்டுவைத்தார். இப்படி அறுபது வருடத்துக்கு மேல். இரண்டு கையிலும் வாதம் இல்லை. 2009இல் அவருக்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருவது. ஓர் ஆள், இரண்டு கை என்பது பெரிய ஆதாரமாகாதுதான். ஆனாலும் அம்மாவுக்குப் பதில் சொல்வதற்காக அறுபது வருடம் பொறுத்திருந்த மனிதரை நான் மதிக்கிறேன். முறிக்கும்போது வலித்தாலோ, மூட்டு வீங்கியிருந்தாலோ விஷயம் வேறு. அப்போது டாக்டரிடம் போங்கள். படியேறும்போது முழங்கால் நறநறவென்பதும் இந்தக் குமிழிக் கணக்கில் சேராது.

இனி குழாய். ராத்திரி இரண்டு மணிக்குச் சொட்டுகிற குழாய்க்கும் பகலில் சொட்டுகிற குழாய்க்கும் வித்தியாசமில்லை. தெருச் சத்தம் அடங்கியதால் அது மட்டும் தனியே கேட்கிறது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீருக்கு அத்தனை கணீரென்ற குரல் எப்படி வந்தது? துளி தண்ணீரில் மோதுவதால் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். மோதல் கிட்டத்தட்ட ஊமை. துளி விழுந்ததும் வாளித் தண்ணீரில் ஒரு சின்னப் பள்ளம் விழுகிறது. பள்ளம் மூடிக்கொள்ள விரையும்போது அதன் அடியில் துளியூண்டு காற்று மாட்டிக்கொண்டு குமிழியாகிறது. அந்தக் குமிழி ஸ்பிரிங் மாதிரி சுருங்கி விரிந்து துடிக்கிறது, மேலே இருக்கும் தண்ணீர்ப் பரப்பையும் சேர்த்து ஆட்டுகிறது. நாம் கேட்கும் 'டொளக்' அதுதான்.

இதை வேகமான கேமராவும் மைக்கும் வைத்து உறுதிசெய்தது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து அனுராக் அகர்வாலின் குழு, 2018இல். பிரேசிலில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது கூரை ஒழுகி, அடியில் வைத்த வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்து தூக்கம் போனதில் அவருக்குப் பிறந்த ஆராய்ச்சி இது. அவர்களே ஒரு வைத்தியமும் சொன்னார்கள்: வாளித் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டால் சத்தம் நின்றுவிடும். தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைவதால் குமிழி மாட்டுவதில்லை. செய்து பார்த்தேன், நிற்கிறது. வாளி வைக்காமல் வெறும் தரையில் சொட்டுகிற குழாய்க்கு இது உதவாது, வாஷரைத்தான் மாற்ற வேண்டும்.

குமிழிக்குச் சுருதி உண்டு என்று கணக்கோடு சொன்னவர் மின்னார்ட், வேலையால் வானியல்காரர். 1933இல் எழுதினார். தண்ணீருக்குள் ஒரு மில்லிமீட்டர் ஆரம் உள்ள காற்றுக்குமிழி வினாடிக்குச் சுமார் 3,300 தடவை துடிக்கும். ஐந்து மில்லிமீட்டர் ஆரம் என்றால் சுமார் 650. பெரிய குமிழிக்குக் கட்டைக் குரல், சின்னதற்குக் கீச்சுக் குரல். ஓடை சலசலப்பதும், சொம்பைக் கவிழ்த்தால் களக் களக் என்பதும் இந்தக் கணக்கில் வரும்.

குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது பார்க்காமலே நிறைந்துவிட்டது என்று கண்டுபிடிக்கிறோம் இல்லையா? அங்கே தண்ணீருக்கு மேலே குடத்தில் மிச்சமிருக்கும் காற்றும் சேர்ந்து பாடுகிறது. தண்ணீர் ஏற ஏற காற்றுக்கு இடம் குறைகிறது, சுருதி ஏறுகிறது. கழுத்து குறுகிய பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருவதும் இதன் உறவுதான்: உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங்காகவும், கழுத்தில் இருக்கும் காற்று அந்த ஸ்பிரிங்கில் தொங்கும் எடையாகவும் வேலை செய்கின்றன. ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்ததால் இந்த அமைப்புக்கே அவர் பெயர். கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் அந்தக் 'கும்' ஒலியைக் கூட்டிக் குறைப்பதைக் கச்சேரியில் கவனியுங்கள். வயிறு அங்கே மூடி.

கைதட்டலும் இதே குடும்பம் என்று 2025இல் அமெரிக்காவில் ஒரு குழு காட்டியிருக்கிறது. உள்ளங்கைகள் மோதும்போது நடுவே அடைபட்ட காற்று, கட்டைவிரல் பக்கத்து இடுக்கு வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வருகிறது. குழித்த கை பாட்டில் மாதிரி ஆகிவிடுகிறது. கையை நன்றாகக் குழித்துத் தட்டுங்கள், கட்டையான 'பொத்'. தட்டையாக வைத்துத் தட்டுங்கள், கூர்மையான 'பட்'.

சொடக்கில் கதை கொஞ்சம் மாறும். கட்டைவிரலும் நடுவிரலும் உரசுகிற சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உரசல் வில்லின் நாணை இழுத்துப் பிடிப்பது மாதிரி, அவ்வளவுதான். பிடி விட்டதும் நடுவிரல் பாய்ந்து உள்ளங்கையின் அடிமேட்டில் அறைகிறது. சத்தம் வருவது அப்படி அறைவதில்தான். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கில் 2021இல் அளந்தார்கள்: பாய்ச்சல் முழுவதும் 7 மில்லி வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. கண் இமைப்பதற்கு இதைப்போல இருபது மடங்கு நேரம் வேண்டும். விரலில் எண்ணெய் தடவினால் சொடக்கு வராது, ரப்பர் உறை மாட்டினாலும் வராது. முன்னதில் பிடியே கிடைக்காது, பின்னதில் பிடித்தது விடாது.

வயிற்றுக்கு வருவோம். ஆபீசில் எல்லோரும் அமைதியாக இருக்கும்போது உங்கள் வயிறு மட்டும் கடமுடாவென்று பேசுவது பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சாப்பிட்டு ஜீரணமான பிறகு குடல் சும்மா இருப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையில் தொடங்கி, அலை அலையாகத் தசைகள் சுருங்கி, மிச்சம் மீதியைக் கீழே தள்ளிக்கொண்டு போகும். வீடு கூட்டுவது மாதிரி. அப்போது உள்ளே இருக்கும் திரவமும் வாயுவும் குறுகிய வழியில் நெருக்கித் தள்ளப்படுவதால் சத்தம். சாப்பிட்டிருந்தாலும் இந்த உருட்டல் உண்டு; வயிறு நிறைய இருப்பது அதை அமுக்கிவிடுகிறது. காலி அறையில் குரல் எதிரொலிக்கும், சாமான் நிறைந்த அறையில் எடுபடாது, அந்த மாதிரி. விக்கல் இன்னும் எளிது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் திடீரென்று சுண்டி இழுப்பதால் காற்று உள்ளே பாய்கிறது, உடனே குரல்வளை வாசல் படாரென்று சாத்திக்கொள்கிறது. 'ஹிக்' என்பது கதவு சாத்தும் சத்தம்.

நீங்கள் கேட்காத இடம் ஒன்று: அடுப்படி. குமிழிக் கதை அங்கேதான் தினம் நடக்கிறது. உலை வைத்தால் கொதிப்பதற்கு முன்னால்தான் அதிக இரைச்சல். அடியில் சூடான தண்ணீரில் பிறந்த நீராவிக் குமிழிகள் மேலே இன்னும் சூடேறாத தண்ணீரைத் தொட்டதும் பொசுக்கென்று நொறுங்குகின்றன. ஆயிரக்கணக்கில் நொறுங்குவதுதான் அந்த இரைச்சல். தளதளவென்று முழுதாகக் கொதித்ததும் குமிழிகள் நொறுங்காமல் மேலே வந்துவிடுவதால் சத்தம் தணிந்து மிருதுவாகிவிடும். காதால் கேட்டே அரிசி களைந்து போடுகிற கைப்பக்குவம் இதில் இருக்கிறது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதும் அப்படித்தான். 'சொய்' என்றால் துளி கல்லைத் தொட்டு ஆவியாகிறது, மாவை ஊற்றலாம். சத்தமே இல்லாமல் துளி முத்து முத்தாக ஓடினால் கல் காய்ந்து தகிக்கிறது: துளிக்கு அடியில் ஆவி மெத்தை விரித்துவிட்டது, கல்லுக்கும் தண்ணீருக்கும் தொடுப்பே இல்லை. தீயைக் குறையுங்கள்.

தேங்காயைத் தட்டி வாங்குகிறோம், மண்பானையைச் சுண்டிப் பார்க்கிறோம். கீறல் விட்ட பானை 'ணங்' என்னாமல் 'டொக்' என்று செத்துப்போகும், அதிர்வு அந்த விரிசலில் போய்த் தேய்ந்துவிடுவதால். டாக்டர் முதுகில் விரலை வைத்துத் தட்டுவது இதே வித்தைதான். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் ஒரு விடுதிக்காரரின் மகன் அவன்ப்ருகர், மருத்துவம் படித்து வியன்னாவில் வேலை பார்த்தவர், மனிதர்களின் நெஞ்சைத் தட்டி உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் முறையை 1761இல் எழுதி வெளியிட்டார். அப்பாவின் ஒயின் பீப்பாய்களைத் தட்டி எதுவரை நிறைந்திருக்கிறது என்று பார்த்த பழக்கம் என்று சொல்வார்கள். காற்று நிறைந்த நுரையீரல் பறை மாதிரி ஒலிக்கும், நீர் கோத்த இடம் மந்தமாகும். அவர் காலத்து டாக்டர்கள் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

இப்போது கதவு. இங்கே அடைபட்ட காற்று இல்லை. கீலின் உலோகம் உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது, நீங்கள் தள்ளத் தள்ள விசை சேர்கிறது, பிடி நழுவி ஒரு நூலளவு வழுக்குகிறது, மறுபடி பற்றுகிறது. இப்படி வினாடிக்குச் சில நூறு தடவை பிடித்து விட்டுப் பிடித்து விட்டால் அது 'கிறீச்'. கீல் சின்னது, தானாக அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. கதவுப் பலகை அந்த அதிர்வை வாங்கிக்கொண்டு உரக்கச் சொல்கிறது. பள்ளியில் நான் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) தட்டிக் கையில் பிடித்தால் முதல் பெஞ்சுக்கே சரியாகக் கேட்காது, காம்பை மேஜையில் ஊன்றினால் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும். கரும்பலகையில் சாக்பீஸ் கூசுவதும், பஸ் பிரேக் அலறுவதும், வயலின் வில் தந்தியில் பாடுவதும் இந்தப் பிடித்து விடுகிற வேலையேதான். வயலின்காரர் வில்லுக்கு ரோசின் என்ற பிசினைத் தடவிப் பிடியைக் கூட்டுகிறார், நீங்கள் கீலுக்கு எண்ணெய் விட்டு அதைக் கெடுக்க வேண்டும். சாக்பீஸுக்கு ஒரு வழி: பாதியாக ஒடித்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் குரல். நுரையீரலிலிருந்து வரும் காற்று, குரல்வளையில் இருக்கும் இரண்டு தசை மடிப்புகளைத் திறந்து திறந்து மூட வைக்கிறது. ஆண்களுக்கு வினாடிக்கு நூற்றுச் சொச்சம் தடவை, பெண்களுக்கு இருநூறு அளவில். அங்கே பிறப்பது வெறும் ரீங்காரம்தான். தொண்டை, நாக்கு, உதடு, மூக்கு எல்லாம் சேர்ந்து, காற்று நிற்கிற இடத்தின் வடிவத்தை மாற்றி மாற்றி அதை அ, இ, உ ஆக்குகின்றன. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதை எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது பாருங்கள்: காற்று உந்தியிலிருந்து, அதாவது தொப்புளிலிருந்து எழுந்து, தலை, மிடறு (கழுத்து), நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றோடு சேர்ந்து எழுத்தாகிறது என்று கணக்காக எட்டு இடம். உந்தியை மட்டும் இன்றைய உடற்கூறியல்காரர் உதரவிதானம் என்று திருத்துவார்.

நீங்கள் பேசும்போது அந்த ஒலி இரண்டு வழியில் உங்களுக்கு வந்து சேர்கிறது. ஒன்று வாயிலிருந்து வெளியே போய்க் காது வழியாக. மற்றது மண்டை எலும்பு வழியாக நேரே உள்காதுக்கு. எலும்பு வழி கட்டையான ஒலிகளை நன்றாகக் கொண்டுவரும். அதனால் உங்களுக்கு உங்கள் குரல் கனமாக, நிறைவாகக் கேட்கிறது. போனில் பதிவாவது முதல் வழி மட்டும். அந்த மெலிந்த குரலைத்தான் வீட்டிலும் ஆபீசிலும் எல்லோரும் இத்தனை வருடமாகக் கேட்டு வருகிறார்கள், யாரும் புகார் சொன்னதாகத் தெரியவில்லையே. எலும்பு வழியைத் தனியாகக் கேட்க வேண்டுமா? இரண்டு காதையும் விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு 'ம்…' என்று முனகுங்கள். முனகல் குறையாது, கூடும். விரல் அடைத்த காதுக்குள்ளும் கொஞ்சம் காற்று மாட்டியிருக்கிறது.